இரண்டாவது தாம்பாளம்

அரிசி அப்படியே இருக்கிறது. காலையில் குருக்கள் வந்து பூஜையை முடித்துவிட்டு, இரண்டு தாம்பாளத்திலும் விரலால் ஒரு ஓம் போட்டுவிட்டுப் போனார். என் தாம்பாளத்தில் அந்த ஓம் இன்னும் கலையவில்லை, அதன் சுழிகூடக் கலையவில்லை. அந்தப் பக்கம் வசந்தாமணி மிஸ்ஸின் தாம்பாளத்தை ராமாத்தா ஆயா உள்ளங்கையால் நிரவிக்கொண்டே இருக்கிறாள். ஒரு பிள்ளை எழுதும், ஆயா நிரவுவாள், அடுத்த பிள்ளை வந்து உட்காரும். எனக்கு நிரவ ஆள் தேவைப்படவில்லை. ஓர் எறும்பு மட்டும் ஓமின் வளைவில் இறங்கி ஏற முடியாமல் சுற்றுகிறது, அதுவாவது வந்ததே. சிரிக்காதே திருமூர்த்தி. தனியாக உட்கார்ந்து சிரித்தால் அதையும் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. சிரித்தால் வழிகிறான் என்பார்கள், சிரிக்காமல் இருந்தால் முரட்டு ஆள், பிள்ளை பயந்துகொள்ளும் என்பார்கள். வசந்தாமணி மிஸ் கொட்டாவி விட்டால்கூட ஜனங்களுக்கு அம்மா ஞாபகம் வருகிறது. அவர் கிள்ளுவார், தொடையில், சிவந்துபோகிற மாதிரி. அது கண்டிப்பு. நல்ல மனுஷிதான், நான் குறை சொல்லவில்லை. சற்று முன்புகூட என் பக்கம் சாய்ந்து, "சார், கூட்டம் பெருசா இருக்குது, அங்க கொஞ்சம் பேரு போங்கன்னு நாஞ் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாமுங்க மிஸ் என்றேன். அவர் இரக்கப்பட்டதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. ஸ்பீக்கரில் சரஸ்வதி பாட்டு காதைக் கிழிக்கிறது. ஹாலில் சந்தனமும் பொரியும் மல்லிகைப் பூவும் கலந்து ஒரு வாசம், அதற்கு அடியில் எங்கோ ஒரு பிள்ளை ஒன்றுக்குப் போன வாசம். அந்த வாசம் எனக்குத் தொந்தரவாகப் பட்டதே இல்லை. இரண்டு வருஷமாக அதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் விஜயதசமி அன்று இதுதான் வழக்கம். ஜூனில் சேரப் போகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்றைக்கே அழைத்து வந்துவிடுவார்கள். டீச்சர் பிள்ளையை மடியில் உட்காரவைத்து, விரலைப் பிடித்து அரிசியில் அ எழுத வைக்க வேண்டும். யார் விரலைப் பிடித்தாரோ அவர் வகுப்புக்கு அந்தப் பிள்ளை. கரஸ்பாண்டென்ட் நாச்சிமுத்து ஐயாவுக்கு இதில் அசைக்க முடியாத நம்பிக்கை, விரல் பிடித்த கை மாறினால் படிப்பு ஏறாது என்பார். போன வருஷம் வரைக்கும் தாம்பாளம் ஒன்றுதான். வசந்தாமணி மிஸ் களைத்துப்போனால் நான் உட்காருவேன், யாரும் கவனித்ததில்லை. இந்த வருஷம் ஐயா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார். மோர் கொடுத்தபோதே தெரிந்துவிட்டது. "நான் உங்களை ஒண்ணுஞ் சொல்லலீங்க சார். ரெண்டு தாம்பாளம் வச்சிருவோம். பெத்தவங்க எதுல உக்காத்தி வைக்கறாங்களோ அதுதான் செக்‌ஷன். ஒரு பத்துப் புள்ளைங்களாச்சும் உங்ககிட்ட வந்துட்டா எல்.கே.ஜி. பி உங்களுது. இல்லீன்னா ஆறாங்கிளாஸ் கணக்குக்குப் போயிருங்க. சம்பளமும் சேத்தித் தர்றேன், பிரமோஷன் மாதிரி வச்சுக்கங்களே." எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், பிரமோஷன் என்று. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அவர்கள் ஏற்கெனவே முடிந்துபோனவர்கள். மழை ஏன் மேலே போகாமல் கீழே வருகிறது என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். உள்ளங்கையில் எதையோ மூடிக்கொண்டு வந்து, "மிஸ், இதப் பாரு" என்று திறந்து காட்டுவார்களே, உள்ளே ஒன்றுமே இருக்காதே, அதெல்லாம் அங்கே நடக்காது. ஆமாம், என்னையும் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வகுப்பில் நிற்கிற பெரிய ஆள் எல்லாம் அவர்களுக்கு மிஸ். சார் என்று சொல்லிப் பழக்குங்கள் என்று உத்தரவு வந்தது, பழக்கினேன். சார் மிஸ் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வரிசையில் என் வகுப்புக் கவிநயாவின் அம்மா நிற்கிறாள், நீலப் பட்டு, இடுப்பில் இரண்டாவது பெண். நான் பார்ப்பது தெரிந்ததும் பிள்ளையின் நெற்றியில் சரியாக இருந்த பொட்டை மறுபடியும் சரி செய்கிறாள். கவிநயாவைச் சேர்த்த புதிதில், நான் போர்டில் எழுதக் கையைத் தூக்கினாலே அது தலையை இரண்டு கையாலும் மூடிக்கொள்ளும். எழுதத்தான் தூக்கினேன் என்று அதற்கு எப்படிச் சொல்வது? ராமாத்தாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். "அவங்கப்பன் குடிச்சுப்போட்டு அடிக்கறானுங்க சார். ஆம்பளைக் கொரலு, மீசை, ரெண்டுங் கண்டா ஆகறதில்ல" என்று ஆயாதான் சொன்னாள். குரலை ஓரளவு குறைத்துக்கொண்டேன். மீசையை என்ன செய்வது என்று நாலு நாள் யோசித்தேன். எங்கள் பக்கத்தில் அப்பன் உயிரோடு இருக்கிறபோது மகன் மீசையை எடுக்க மாட்டான். எடுத்தால் கொள்ளி வைத்ததாக அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டு வந்தேன். அப்பா என்னைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தேங்காய்க் களத்துக்குப் போய்விட்டார், ஒரு மாதம் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது சொன்ன முதல் வார்த்தை, "பீ மூத்தரம் அள்ளறதுக்காடா அத்தனை படிப்பு படிச்செ? அதுக்கு நான் உசுரோட இருக்கறப்பவே மீசைய வேற எடுத்தாச்சு." ஒரு நாலு வயசுப் பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படுகிறது என்று சொன்னால் அவருக்குப் புரியாது. அந்தப் பிள்ளைக்குப் புரிந்தது. அந்த வாரத்திலேயே ஆயாவின் முந்தானையை விட்டது. ஒரு நாள் அதன் குட்டி நாற்காலியை டர்ரென்று இழுத்துக்கொண்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் பென்சிலை நீட்டியது, சீவித் தரச் சொல்லி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைக் கவிநயாவின் அம்மாவிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ? சொல்லியிருந்தால், இவன் எதற்கு என் மகளுக்காக மீசையை எடுத்தான் என்று அதற்கும் ஓர் அர்த்தம் வந்திருக்கும்.

பெற்றோர் கூட்டத்தில் முதலில் எழுந்தவள் அவள்தான். இங்கே ஒன்றும் நடக்கவில்லை. எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவன் செய்ததை டிவியில் ஒரு வாரம் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தூங்காமல் வந்திருந்தார்கள் எல்லோரும். "தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்களச் சொல்லலீங்க. நீங்க தங்கமான மனுசன். ஆனா பொட்டப்புள்ளைங்க இருக்கற எடம் பாருங்க." தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஒரு வார்த்தை மூன்று மாதமாகத் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். தப்பாக எடுத்துக்கொள்ளாமல் எப்படி எடுத்துக்கொள்வது, அதற்கு எந்தப் பக்கம் பிடி இருக்கிறது, சொல்லுங்களேன். மறுநாளே சட்டங்கள் வந்தன. கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும். பாத்ரூமுக்கு ஆயாதான் கூட்டிப் போக வேண்டும். தூக்கக் கூடாது, மடியில் வைக்கக் கூடாது, அழுதால் வாயால் சமாதானம் சொல்லலாம். நியாயமான சட்டங்கள்தான், எல்லா டீச்சருக்கும் போட்டிருந்தால். அன்றையிலிருந்து நான் வகுப்பில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். படிக்கட்டில் விழுந்து முட்டி பேர்ந்த பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வரும், நான் குனிந்து, கையைப் பின்னால் வைத்துக்கொண்டே, ஒண்ணுமில்ல சாமி, ஆயா வருவாங்க, ஒண்ணுமில்ல என்பேன். அது தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். அப்புறம் தானாகவே இறக்கிக்கொள்ளும். பிள்ளைகள் எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன. இப்போது யாரும் என்னிடம் கையைத் தூக்குவதில்லை. ஆனால் இன்றைக்கு மட்டும் மடியில் வைக்கலாமாம். "அது சாஸ்திரமுங்க சார், இன்னிக்கு ஒண்ணுந் தப்பில்ல" என்று ஐயாவே சொல்லிவிட்டார். மடி காத்திருக்கிறது. புது வேட்டி, கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கிறது.

யாரோ வருகிறார்கள். ஒரு அப்பா, பனியன் கம்பெனியிலிருந்து நேரே வந்து பனியனுக்கு மேல் அவசரமாகச் சட்டை போட்ட மாதிரி, கையில் ஒரு பெண் குழந்தை, மூக்கில் சளிக் கொப்புளம், கையில் கண்ணாடி வளையல். இங்க கூட்டமில்லீங்களா சார், இங்கயே எழுத வச்சரலாமுங்களா? வாங்க வாங்க. என் குரல் எனக்கே கேட்க நன்றாக இல்லை, ஜவுளிக் கடை வாசலில் நின்று கூப்பிடுகிறவன் குரல். பேரென்ன சாமி? பேர் சொல்லாது, வேட்டிக் கரையைப் பிடித்து இழுத்தது. நல்ல பிள்ளை. விரல் எவ்வளவு சின்னது. வெண்டைப் பிஞ்சு. இந்த விரல் பிடிபடுகிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும், இது இடது கைப் பிள்ளையா, பிடிவாதக்காரப் பிள்ளையா என்று. குனிந்து உட்காரப் போகிறது, பாவாடை அரிசியைத் தொடப் போகிறது, வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், "ஏனுங்க! அங்க எங்க உக்காத்தி வைக்கறீங்க? இங்க வாங்க." அந்த அப்பா என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். பாவம், அவர் மூளை வேகமாக ஓடியதை நான் பார்த்தேன். "அவங்கம்மா அங்க நிக்கறாங்களாமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க சார்." இல்லீங்க இல்லீங்க, போங்க. பிள்ளை வேட்டிக் கரையை விடவில்லை, அவர்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார். ஓம் அப்படியேதான் இருக்கிறது. குருக்கள் இருபது பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளி விபூதி வைத்துவிட்டுப் போனார், அவரும் ஆம்பளைதானே? கோபம் வருகிறது. கோபம் வந்தால் முகம் முரட்டு முகமாகிவிடும். அரிசியைப் பார்.

ஆனால் நான் மட்டும் என்ன யோக்கியன். எதிர்வீட்டு நடராஜண்ணன் வேன் ஓட்டுகிறவர், தங்கமான மனுஷர், போன மாதம் எங்கள் மகள் நேத்ராவைத் தூக்கி மேலே போட்டுப் பிடித்து விளையாட்டுக் காட்டினார். அது கெக்கெக்கே என்று சிரித்தது. நான் என்ன செய்தேன்? அவர் கையைப் பார்த்தேன். எங்கே பிடிக்கிறார், எவ்வளவு நேரம் பிடிக்கிறார் என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டே போய், வா சாமி, சாப்பிடலாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்கண்ணா என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அப்படியிருக்க இந்த அம்மாக்களை நான் எப்படிக் குற்றம் சொல்வேன்? பயம் அவர்களுக்குச் சும்மா வரவில்லை. பெண்ணாகப் பிறந்து, பஸ்ஸில் போய், டியூஷன் போய், கல்யாண வீட்டில் தூங்கி, ஒவ்வொருத்திக்கும் ஏதோ ஒரு கை ஞாபகம் இருக்கும், அந்தக் கையை என் கையில் பார்க்கிறாள். இருக்கட்டும். ஆனால் ஆணா பெண்ணா என்பது அந்த வயசுப் பிள்ளைக்கு உண்மையிலேயே முக்கியமா? நான் பார்த்தவரைக்கும் அவர்களுக்குப் பெரியவர்களில் இரண்டே ஜாதிதான், குனிகிறவர்கள், குனியாதவர்கள். ஒருவேளை நான் எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்கிறேனோ. அம்மாவை விட்டு முதல்முதலாக வருகிற பிள்ளைக்கு அம்மா சாயலில் ஓர் ஆள் வேண்டியிருக்கலாம், கவிநயாவுக்கு வேண்டியிருந்ததே, ஆயாவின் முந்தானை. அப்புறம் அதே கவிநயாவுக்கு அடிக்காத ஓர் ஆம்பளையும் வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்து யோசித்தால் தலை சுற்றுகிறது. என் அப்பா என்னை மடியில் வைத்தது வாழ்நாளில் ஒரே தடவை, இதே விஜயதசமி அன்றைக்கு, அரசுப் பள்ளிக்கூடத்தில், வாத்தியார் சொன்னார் என்பதற்காக. தேங்காய் மட்டை உரித்துக் காய்ப்புக் காய்த்த கை, என் விரல் அதற்குள் காணாமல் போய்விட்டது. அவருக்கே எழுதத் தெரியாது, வாத்தியார் அவர் கையைப் பிடித்துத் தள்ள, அவர் என் கையைத் தள்ள, எப்படியோ ஒரு அ வந்தது. அதற்கப்புறம் அவர் என்னைத் தொட்டதாக ஞாபகம் இல்லை, அடித்ததைத் தவிர. நேத்ரா பிறந்தபோதே நான் முடிவு செய்துவிட்டேன், இவளுக்கு என் மடி எப்போதும் இருக்கும் என்று. ராத்திரி என் நெஞ்சின்மேல்தான் தூங்குவாள், எச்சில் ஒழுக.

இன்றைக்கு அவளும் வர வேண்டும். இன்னும் காணோம். அவளை நினைக்கக் கூடாது என்றுதான் இத்தனை நேரம் எறும்பையும் மீசையையும் சுற்றி வந்தேன், சுற்றிச் சுற்றி வந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. காலையில் என் பெண்டாட்டி பூங்கொடி தலை பின்னிக்கொண்டே சொன்னாள், "நீங்க முன்னால போங்க. நாங்க மெதுவா வர்றோம். எங்க உக்காத்தி வைக்கறதுன்னு அங்க வந்து பாத்துக்கலாமுங்க." அங்கே வந்து பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், அவளுக்குப் பொய் வராது. பொய் வராதவள்தான், அவள் சித்தப்பா மகள் கல்யாணத்தில் பந்தியில் ஒரு பெரியம்மா, உன்ற வீட்டுக்காரரு எந்த கிளாஸுக்கு எடுக்கறாரு என்று கேட்டபோது, "சின்ன கிளாஸுங்க" என்று சொல்லிவிட்டு ரச வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். நான் எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரசம் என் இலைக்கு வரவே இல்லை. அவளைக் குறை சொல்ல முடியாது, ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள், அங்கே மற்றவர்களுடைய புருஷன்மார் எல்லாம் என்னென்னவோ வேலை செய்கிறார்கள். புருஷன் எல்.கே.ஜி. மிஸ் என்று எப்படிச் சொல்வாள்? இப்போது வந்து வசந்தாமணி மிஸ் வரிசையில் நின்றுவிட்டால்? அவன் பெண்டாட்டியே அங்கேதான் நிற்கிறாள் பாருங்கள் என்று ஆகிவிடும், அதோடு ஆறாம் வகுப்புதான். சரி, என்னிடமே கொண்டுவந்தால்? வியாபாரம் ஆகாத கடைக்காரன் தன் கடையில் தானே சாமான் வாங்கின கதை. இரண்டுமே அவமானம்தான். வராமலே இருந்துவிட்டால் நல்லது. சைக்கிள் பங்ச்சர் ஆகட்டும், மழை வரட்டும். ஐயோ, பிள்ளைக்கு இன்றைக்கு முதல் எழுத்து, என்ன நினைப்பு நினைக்கிறேன் நான். வர வேண்டும். என்னிடம் வர வேண்டும். எனக்கு அதுதான் வேண்டும், மற்றதெல்லாம் சும்மா. ஊர் மொத்தமும் அந்தப் பக்கம் நிற்கட்டும், பூங்கொடி இந்தப் பக்கம் வந்துவிட்டால் போதும்.

வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். நேத்ராவுக்கு மாம்பழ நிறப் பட்டுப் பாவாடை, தலையில் பூ நிற்காமல் காதுமேல் தொங்குகிறது. பூங்கொடி வரிசையைப் பார்க்கிறாள். என்னைப் பார்க்கிறாள். முகத்தில் ஒன்றும் இல்லை. நான் குனிந்துகொண்டேன், ஓமை அழித்துவிடாமல் ஓரத்து அரிசியைச் சரி செய்கிற மாதிரி. இப்போது வரிசையின் கடைசிக்குப் போயிருப்பாள், போகட்டும், நான் சிரித்துக்கொண்டே பார்க்க வேண்டும், யாருக்கும் தெரியக் கூடாது. அரிசியின்மேல் நிழல் விழுந்தது. "சார்," என்று பூங்கொடியின் குரல், கடையில் பில் போடும்போது பேசுகிற குரல், ஸ்பீக்கர் சத்தத்தையும் மீறி வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி. "எங்க பாப்பாவ உங்ககிட்டத்தானுங்க எழுத வைக்கோணும். நல்லாச் சொல்லித் தர்றீங்கன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தோம்." எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. யாரோ ஒரு பிள்ளையின் யாரோ ஒரு அம்மா மாதிரி வந்திருக்கிறாள். கடைக்காரன் கதை ஆகக் கூடாது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள். பொய் வராதவள். வசந்தாமணி மிஸ்ஸுக்குத் தெரியும், ராமாத்தாவுக்குத் தெரியும், இருவரும் அரிசியைப் பார்த்துக்கொண்டார்கள். வரிசையில் யாருக்கும் தெரியவில்லை. பூங்கொடி என்னைப் பார்த்து லேசாக, லேசிலும் லேசாகச் சிரித்தாள். ரச வாளியை நான் அந்த இடத்திலேயே மறந்தேன். நேத்ரா அவள் கையை உதறிவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் என் மடியில் தொப்பென்று உட்கார்ந்து, பின்தலையை என் நெஞ்சில் சாய்த்து, எடுத்த எடுப்பில் ஐந்து விரலையும் ஓமுக்குள் விட்டுக் கலைத்தாள். கலைந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெட்கம்கெட்ட சந்தோஷம். இடது கையால் அவள் இடுப்பை அணைத்துக்கொண்டு வலது கையால் அவள் விரலைப் பிடித்தேன். அப்பா, எறும்பு என்றாள் காதோடு.

நிமிர்ந்தேன். நிமிர்ந்திருக்கக் கூடாது. வரிசை முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கவிநயாவின் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, என் இடது கையைப் பார்த்தாள். எங்கே பிடித்திருக்கிறேன், எவ்வளவு நேரம் பிடிக்கிறேன் என்று. அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நடராஜண்ணன் கையை நான் பார்த்த பார்வை. இவர்களுக்கு இது என் மகள் என்று தெரியாது. இவர்களுக்குத் தெரிவதெல்லாம், மீசை இல்லாத ஒரு ஆம்பளை, மடியில் யாரோ ஒரு பெண் குழந்தை, இடுப்பில் கை. நான் என்னையே அங்கே நின்று பார்த்தேன். என் கை எனக்குப் பிடிக்கவில்லை. என் மகள் இடுப்பில் இருக்கிற என் கை, எனக்கே பிடிக்கவில்லை. என் மகள்தான் என்று கத்திச் சொல்லிவிடலாம், ஒரே வார்த்தை, ஆனால் சொன்னால் பூங்கொடி கட்டிக்கொண்டு வந்த வேஷம் எல்லாம் சிரிப்பாகிவிடும். அதற்குள் கைகள் தாமாகவே வேலையைச் செய்துவிட்டன, மூன்று மாதப் பழக்கம். நேத்ராவைத் தூக்கிப் பாயில், என்னைவிட்டுத் தள்ளி உட்காரவைத்தேன். "அம்மா மடியில உக்காந்துக்க சாமி." அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே மறுபடியும் தவழ்ந்து வந்தாள். கையை நீட்டித் தடுத்தேன். "வேண்டா, அப்பா மடி" என்று முனகினாள். நான் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இங்க அப்பா இல்ல கண்ணு. இங்க நான் சார்" என்றேன். பூங்கொடி குனிந்தாள். "என்னங்க பண்றீங்க? யாருக்குப் பயந்துக்கறீங்க? நம்ம புள்ளதானுங்க." "நீங்க மடியில வச்சுக்கங்கம்மா" என்றேன், சத்தமாக, யாரோ ஒரு அம்மாவிடம் சொல்கிற மாதிரி. பூங்கொடி என்னையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்து பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் பின்னால் சாய்ந்து, கையை முழுக்க நீட்டி, இரண்டு விரலால் நேத்ராவின் விரல் நுனியை மட்டும் பிடித்தேன். அ ஒரு மாதிரி கோணலாக வந்தது. அவள் அரிசியைப் பார்க்கவில்லை, எழுதி முடிகிறவரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கவிநயாவின் அம்மாதான் வரிசையை விட்டு வந்தாள். "பரவால்லீங்களே, சார் புள்ளைய அம்மா மடியிலயே வச்சு எழுத வைக்கறாரு. தள்ளியே உக்காந்திருக்கறாரு" என்று பின்னால் திரும்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர், அப்புறம் அந்தப் பனியன் கம்பெனி அப்பாவும் அவர் பெண்டாட்டியும். அந்தப் பக்கத்து வரிசை பாதியில் உடைந்து இந்தப் பக்கம் வளைகிறது. என் தாம்பாளத்தை நிரவ ராமாத்தா எழுந்து வருகிறாள், என்னை நிமிர்ந்து பார்க்காமல். கரஸ்பாண்டென்ட் ஐயா மேடை ஓரத்தில் நின்று தலையாட்டுகிறார். "பாத்தீங்களா சார், நாஞ் சொன்னனல்ல. பக்குவமா நடந்துக்கிட்டா ஜனங்க வருவாங்க. எல்.கே.ஜி. பி உங்களுதுதானுங்க, இனிப் பேச்சே இல்ல." சரிங்கய்யா என்கிறேன். கிடைத்துவிட்டது. இத்தனை நாள் இதற்குத்தான் சாமி கும்பிட்டேன், இப்போது அழுதால் அசிங்கம். ஜூனில் அந்த வகுப்பில் நேத்ராவும் இருப்பாள், விரல் பிடித்தவர் வகுப்புதானே. தினமும் காலையில் அவளுக்கு நான் சார், சாயங்காலம் அப்பா, எந்த இடத்தில் மாற வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லித் தருவது? பூங்கொடி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாள். என் பக்கம் திரும்பவில்லை. நேத்ரா அழுவாள், அப்பா என்று கத்துவாள், கத்திவிட்டால்கூட நல்லது, எல்லாம் உடைந்துபோகட்டும் என்று ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. அவள் அழவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலே தலையை நீட்டி என்னைத் தேடினாள். நான் பார்த்ததும் கையைத் தூக்கி, நன்றாகப் படித்துக்கொண்ட பிள்ளை மாதிரி, "டாட்டா சார்" என்றாள். நானும் கையை ஆட்டினேன். எதிரில் உட்கார்ந்திருந்த கவிநயாவின் அம்மா பிள்ளையின் விரலை என் பக்கம் நீட்டி, "எழுத வைக்கலாமுங்களா சார்?" என்றாள்.